சர்வர்களின் எண்ணிக்கையும் செய்திகளின் வரிசை எண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாக்கு எண்ணிக்கை நாளன்று தங்கள் நாளிதழின் இணையதளம் திணறியது குறித்து ஞாயிற்றுக்கிழமை இதழில் தாங்கள் வெளியிட்டிருந்த விளக்கக் குறிப்பைப் படித்தேன். நேர்ந்த தவறை மழுப்பாமல் ஒப்புக்கொண்டிருக்கும் அந்தக் குறிப்பு பாராட்டுக்கு உரியது. ஆனால், எதிர்பாராத கூட்டமே காரணம் என்றும், சர்வர்களின் எண்ணிக்கையை மூன்று மடங்காக உயர்த்திவிட்டதால் இனி அந்தச் சிக்கல் எழாது என்றும் அது முடிந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று நான் கண்ட கோளாறு கூட்டத்தால் மட்டும் வந்ததன்று. சர்வர்களைக் கூட்டினால் அது குறையாது, கூடவே செய்யும்.

அன்று பிற்பகல் இரண்டு மணியளவில் எங்கள் தொகுதி நிலவரத்தை என் பேத்தியின் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். 14-ஆவது சுற்று முடிவு என்று ஒரு பக்கம் வந்தது. அதைப் புதுப்பித்தபோது 13-ஆவது சுற்று வந்தது. சற்று முன்பு முன்னிலையில் இருந்தவர் இப்போது பின்தங்கியிருந்தார். மறுபடி புதுப்பித்தால் 14. அதற்கடுத்த முறை மீண்டும் 13. "தாத்தா, போட்ட ஓட்டைத் திரும்ப எடுத்துக்கிறாங்களா?" என்று அவள் கேட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஆனால், எண்ணிக்கை நாளில் இப்படிப் பின்னோக்கி நகரும் ஒரு பக்கம் தெருமுனையில் எத்தகைய வதந்தியைக் கிளப்பும் என்பதைப் பத்திரிகை நடத்துபவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது ஒரு குறை. திறந்த பக்கம் முன்னும் பின்னும் போய் வருவது வேறொரு குறை. தங்கள் விளக்கம் முதல் குறைக்கு மட்டுமே மருந்து சொல்கிறது.

இதை அடித்துச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில், யூஸ்நெட் செய்தி சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். வாசகர் கூட்டத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என்றால் என்ன என்பதை அங்கே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

யூஸ்நெட் என்ற பெயரே இன்றைய வாசகர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். 1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும் எண்ணித் தொடங்க, பக்கத்திலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெலோவின் முதல் நிரல்களை எழுதித் தர, 1980-இல் வெளியுலகுக்கு வந்த செய்திக்குழுக்களின் வலை அது. இணையதளங்கள் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முந்தைய கதை. கணினி நிரலாக்கம் முதல் சமையல் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு இருந்தது. சாக்.கல்ச்சர்.தமிழ் என்று நமக்கும் ஒன்று இருந்தது. எழுத்துரு இல்லாத காலமாதலால் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதித்தான் அங்கே சண்டை போட்டுக்கொண்டோம்.

அந்த வலைக்கு மையம் என்று ஒன்று கிடையாது. தனக்கு வந்த மடலை ஒவ்வொரு சர்வரும் பக்கத்துச் சர்வர்களிடம் காட்டி, "இது என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்கும். வேண்டுமென்றால் மடல் போகும். ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் 435 என்ற பதில் எண்ணோடு பேச்சு முடியும். இந்த உரையாடலின் இலக்கணத்தை பிரையன் கான்ட்டர், ஃபில் லாப்ஸ்லி இருவரும் வகுத்து, 1986 பிப்ரவரியில், இணைய விதிமுறைகளுக்கான ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 977 என்ற ஆவணமாக வெளியிட்டார்கள். மடல்களைப் பல இடங்களில் பரப்பி வைக்கும் வேலையை யூஸ்நெட் அவ்வளவு எளிதாகச் செய்தது. சிக்கல் பரப்புவதில் இல்லை, படிப்பதில்தான் இருந்தது.

எப்படியென்றால், ஒவ்வொரு மடலுக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, உலகம் முழுவதும் மாறாத ஒரு நீண்ட அடையாளச் சரம். மற்றது, அந்த மடல் ஒரு சர்வருக்கு வந்து சேரும்போது, அந்தக் குழுவில் அது எத்தனையாவதாக வந்தது என்று அந்தச் சர்வரே போடும் வரிசை எண். நூலகத்தில் புத்தகத்துக்குப் போடும் பதிவு எண்ணைப் போன்றது அது: ஒரே புத்தகம் திருச்சி நூலகத்தில் ஓர் எண்ணிலும் மதுரை நூலகத்தில் வேறோர் எண்ணிலும் இருக்கும். மடல்கள் வெவ்வேறு வழிகளில் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால், எந்த இரு சர்வர்களின் எண்களும் தாமாக ஒத்துப்போவதில்லை. வாசகரின் கணினியோ, தான் எதுவரை படித்தேன் என்பதை இந்த இரண்டாவது எண்ணைக் கொண்டுதான் குறித்துவைத்தது. நியூஸ்ஆர்சி என்ற ஒரு சிறு கோப்பில் குழுவின் பெயரும், பக்கத்தில் 1-8412 என்பது போன்ற ஒரு குறிப்பும் இருக்கும். 8412 வரை படித்தாயிற்று, அடுத்து 8413-ஐக் காட்டு என்று பொருள். வாசகருக்கு ஒரே சர்வர் இருந்தவரை இதில் எந்தக் குறையும் இல்லை.

ஒரு சர்வர் போதாத நாள் வந்தது. 1992-இல் ரிச் சால்ஸ் எழுதி வெளியிட்ட ஐஎன்என் என்ற மென்பொருளைத்தான் நாங்களும், எங்களைப் போன்ற நிறுவனங்களில் பெரும்பாலானவையும் பயன்படுத்தின. வெளியிலிருந்து வரும் மடல்களை வாங்கிவைக்க அதில் ஒரே ஒரு செயலி, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். படிக்க வரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு செயலி. இணைப்பைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவருக்கும் ஒரு செயலி நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு குழுவுக்குள் முதன்முறையாக நுழைபவர் அதிலுள்ள அத்தனை மடல்களின் தலைப்புகளையும் ஒரே மூச்சில் கேட்பார். படங்களும் மென்பொருள்களும் துண்டு துண்டாக வரும் குழுக்களில் உறுப்பினரானவர் இரவு முழுவதும் இறக்கிக்கொண்டே இருப்பார். நூறு பேர் என்பது ஒருநாள் ஒன்றுமில்லை, மறுநாள் வட்டை உருட்டி எடுத்துவிடும். தலைகளை எண்ணிச் சுமையை அளக்க முடியாது என்பதை அங்கே முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டோம்.

தாங்கள் இப்போது செய்திருப்பதைத்தான் நாங்களும் முதலில் செய்தோம். ஒன்று இருந்த இடத்தில் மூன்று இயந்திரங்களை நிறுத்தினோம். மூன்றுக்கும் ஒரே பெயர். பெயரைக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் பெயர் சர்வர், அதாவது இயந்திரத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைத் தரும் சர்வர், மூன்று முகவரிகளையும் சுழற்சி முறையில் மாற்றி மாற்றிக் கொடுக்கும். 1995 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 1794 இந்த முறையைத்தான் விளக்குகிறது. செலவில்லாதது, அரை நாளில் அமைத்துவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை அமைத்துவிட்டு, வேலை முடிந்தது என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை காலை வாடிக்கையாளர் உதவிப் பிரிவிலிருந்து ஒருவர் நேரே என் மேசைக்கு வந்து, "நேற்றுப் படித்ததையெல்லாம் மறுபடி படிக்கச் சொல்கிறதாம், இருபது பேர் கூப்பிட்டுவிட்டார்கள்" என்றார். நான் டெல்நெட் என்ற நிரலில், செய்திச் சேவைக்குரிய 119-ஆம் வாயிலைத் திறந்து ஒரு குழுவைக் கேட்டேன். 200 என்ற வரவேற்பு வரியும், அதன் கீழே 211 என்று தொடங்கும் வரியில் முதல் எண்ணும் கடைசி எண்ணும் வந்தன. கடைசி எண் எட்டாயிரத்துச் சொச்சம். துண்டித்துவிட்டு மறுபடி திறந்தேன். அதே பெயர், அதே குழு. கடைசி எண் ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. மூன்றாவது முறை ஏழாயிரத்துக்கும் கீழே. மூன்றும் நல்ல நிலையில் இருந்தன. மூன்றிலும் ஏறத்தாழ ஒரே மடல்கள்தாம். மூன்றும் தத்தம் கணக்கில் எண் போட்டிருந்தன, அவ்வளவுதான். சனிக்கிழமை இரண்டாவது இயந்திரத்தில் படித்தவர் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவதுக்குப் போனபோது, அவருடைய ஆர்என் என்ற படிப்பு மென்பொருள், யாரோ இந்தக் குழுவைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கிவிட்டார்கள், எதுவும் படிக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்கிறேன் என்ற பொருளில் ஒரு வரியை எழுதிவிட்டு, படித்த அத்தனையையும் படிக்காதவையாகக் காட்டியிருக்கிறது. இப்படிச் சரிபார்க்காத வேறு படிப்பு மென்பொருள் வைத்திருந்தவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குப் புதிய மடல்கள் சத்தமில்லாமல் மறைந்தன. அவை படித்த எண்களுக்குள் அடங்கிவிட்டபடியால், தாங்கள் எதை இழந்தோம் என்பதே தெரியாமல் அவர்கள் புகார் கூடச் செய்யவில்லை.

நம் ஊரில் சர்வர் என்ற சொல்லுக்கு ஓட்டலில் பரிமாறுபவர் என்ற பொருள்தான் முதலில் வந்தது. இந்த விஷயத்துக்கு அந்தப் பழைய பொருள் நன்றாகவே உதவுகிறது. நமக்கு இரண்டு இட்லியும் வடையும் கொண்டுவந்து வைத்தவர், அடுத்து நாம் கேட்டது காபி என்பதை மனத்தில் வைத்திருப்பார். பில்லையும் அவரே போடுவார். முதலாளி கூட்டத்தைப் பார்த்து மிரண்டு மேலும் இரண்டு பேரை அந்த மேசைக்கு அனுப்பினால், மூன்று பேரும் சுறுசுறுப்பானவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் ஒருவர் மறுபடி இட்லியைக் கொண்டுவருவார், இன்னொருவர் சாப்பிடாததற்குப் பில் வைப்பார், காபி மட்டும் வராது. ஆட்கள் போதாமல் போனதால் வந்த குறையன்று இது. உங்கள் மேசையின் கணக்கு யாரிடம் இருக்கிறது என்பது தீர்மானிக்கப்படாததால் வந்த குறை.

இதற்கு இரண்டு வழிகள்தாம் உண்டு. இரண்டையும் நாங்கள் முயன்றோம்.

முதல் வழி, ஒரு வாசகரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்புவது. வாசகர் பெயரை ஒரு கணக்கீட்டில் போட்டு எண்ணாக்கி, மூன்றால் வகுத்து, மீதி எதுவோ அந்த இயந்திரம் என்று வைத்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் நிலையான இடம் கிடைத்துவிடும். அழகான வழி, நான்காவது இயந்திரத்தை வாங்கும் நாள் வரை. அன்றைக்கு மூன்றால் வகுத்ததை நான்கால் வகுக்க வேண்டிவரும். வகுத்தால் நான்கில் மூன்று பங்கு வாசகர்கள் இடம் மாறிவிடுவார்கள், மறுபடி அதே திங்கட்கிழமைதான். புதிதாக ஒன்று சேரும்போது அதற்குரிய கால் பங்குப் பேர் மட்டும் இடம்பெயர்ந்து, மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்படியான கணக்கு முறையை எம்ஐடியைச் சேர்ந்த டேவிட் கார்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1997-இல் வெளியிட்டார்கள். அவர்களில் இருவரான டாம் லெய்டனும் டேனியல் லெவினும் அடுத்த ஆண்டே அகாமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று உலகின் பெரிய செய்தித் தளங்கள் தம் பக்கங்களை ஊர் ஊராகப் பிரித்து வைப்பதற்கு வழிகாட்டியவை இத்தகைய கணக்குகள்.

ஆனால், ஒருவரை ஓர் இயந்திரத்தோடு கட்டிப்போட்டுவிட்டால் அந்த இயந்திரம் படுக்கும்போது அவரும் படுக்க வேண்டியதுதான். இரவு முழுவதும் இறக்குபவர்கள் பத்துப் பேர் தற்செயலாக ஒரே இயந்திரத்தில் சேர்ந்துவிட்டால், பக்கத்து இயந்திரம் சும்மா இருக்க, இது மட்டும் மூச்சுத் திணறும். ஆகவே நாங்கள் கடைசியில் நின்றது இரண்டாவது வழியில்தான்: எல்லாச் சர்வர்களிலும் ஒரே எண் இருக்கும்படி செய்வது. எண் போடும் உரிமையை ஒரே ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்தோம். அதற்குத் தலைமை இயந்திரம் என்று பெயர். வாசகர் யாரும் அதன் பக்கம் போகக் கூடாது. அது மடலின் தலைப்பகுதியில் எக்ஸ்ரெஃப் என்ற வரியில், இந்தக் குழுவில் இந்த எண் என்று எழுதி மற்றவற்றுக்கு அனுப்பும். மற்றவை தாமாக எண் போடாமல், அந்த வரியில் உள்ளதையே அப்படியே எடுத்துக்கொள்ளும். இதற்கான அமைப்பு ஐஎன்என் மென்பொருளிலேயே உண்டு. வாசகர் எழுதும் புது மடலும் நேரே தலைமைக்குப் போய், எண் வாங்கிக்கொண்டுதான் திரும்பி வரும். அதன் பிறகு எந்த வாசகர் எந்த இயந்திரத்துக்குப் போனாலும் 8413 என்றால் ஒரே மடல்தான்.

இந்த வழியிலும் ஒரு முள் இருந்தது. தங்கள் 13-ஆவது சுற்றுக்கு மிக நெருங்கிய உறவு அது. தலைமை எண் போட்டு அனுப்பும் மடல், மூன்று இயந்திரங்களுக்கும் ஒரே நொடியில் போய்ச் சேர்வதில்லை. ஒரு வாசகர் தம் மடலை அனுப்பிவிட்டு, அது வந்துவிட்டதா என்று உடனே பார்ப்பார். பின்தங்கிய இயந்திரத்தில் அவர் போய் விழுந்தால் 423, அதாவது அந்த எண்ணில் மடல் இல்லை என்ற பதில் வரும். பதறிப்போய் மறுபடி அனுப்புவார். குழுவில் ஒரே மடல் இரண்டு முறை வந்து நிற்கும், மற்றவர்கள் அவரைத் திட்டுவார்கள். சில நொடித் தாமதம்தான். ஆனால் மனிதர்கள் அந்தச் சில நொடியில்தான் பொத்தானை அமுக்குகிறார்கள்.

எண்ணிக்கை நாளில் அரைக் கோடிக் கைகள் புதுப்பிப்பதும் அதே சில நொடியில்தான். தங்கள் தளத்தில் நடந்தது இதுவாகவே இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்: ஓர் இயந்திரத்துக்கு 14-ஆவது சுற்று போய்ச் சேர்ந்திருந்தது, இன்னொன்று பழைய நகலை அதன் காலக்கெடு முடியும் வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, நடுவில் நின்று கூட்டத்தைப் பிரிக்கும் பிரிப்பான் என்ற இயந்திரம் இரண்டுக்கும் மாற்றி மாற்றி எங்களை அனுப்பியது. சர்வர்களை மூன்று மடங்காக்கினால் பின்தங்கக் கூடிய கடிகாரங்களும் மூன்று மடங்காகும் என்பதுதான் என் கவலை.

கூட்டத்தைப் பிரிக்கும் வேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் தங்கள் குறிப்பில் "சுமை தானாகவே சமமாகப் பகிரப்படும்" என்று ஒரு வரி இருக்கிறது. தானாக எதுவும் சமமாவதில்லை. பெயர் சர்வர் முகவரியைச் சுழற்சியில் கொடுத்தாலும், ஒரு பெரிய நிறுவனமோ கைப்பேசிச் சேவை நிறுவனமோ அதை ஒருமுறை வாங்கி நினைவில் வைத்துக்கொண்டு தன் வாடிக்கையாளர் அத்தனை பேரையும் அந்த ஒரே இயந்திரத்துக்கு அனுப்பிவிடும். சுழற்சி கண்மூடித்தனமானது என்பதால்தான் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் ஷெமர்ஸ் 1995-இல் எல்பிநேம்டி என்ற நிரலை எழுதினார். அது ஒவ்வோர் இயந்திரத்தின் சுமையையும் கேட்டறிந்து, இளைப்பாறி நிற்கும் இயந்திரத்தின் முகவரியைக் கொடுக்கும். அதிலும் ஒரு சூது உண்டு. திருவிழாவில் எந்தத் தரிசன வரிசை குட்டையாக இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் ஒரு முறை அறிவித்துப் பாருங்கள். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அந்த வரிசைதான் ஊரிலேயே நீளமானதாக இருக்கும். ஏதேனும் இரண்டு வரிசைகளைக் குருட்டுப்போக்கில் எடுத்து, அவற்றில் குட்டையானதில் நிற்கச் சொன்னால் இந்த ஓட்டம் பெருமளவுக்கு அடங்கிவிடுகிறது என்பதைக் கணிதத்தில் காட்டியிருக்கிறார்கள். மைக்கேல் மிட்சன்மாக்கரின் 1996-ஆம் ஆண்டு ஆய்வேடு இதைத்தான் பேசுகிறது. இவ்வளவு எளிய ஒன்று இவ்வளவு வேலை செய்வது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

எங்களை ஓர் இரவு முழுவதும் விழிக்கவைத்தது வேறொன்று. மிகக் குறைவான இணைப்புகள் உள்ள இயந்திரத்துக்கு அடுத்தவரை அனுப்பு என்று பிரிப்பானுக்கு உத்தரவு. ஒரு நாள் இரவு மூன்றாவது இயந்திரத்தின் வட்டு நிரம்பிவிட்டது. அது வருகிற ஒவ்வொருவரிடமும் 400, அதாவது சேவை இப்போது இல்லை என்று சொல்லி நொடியில் கதவைச் சாத்தியது. கதவைச் சாத்தியதால் அதனிடம் இணைப்புகளே இல்லை. இணைப்புகள் இல்லாததால் பிரிப்பானின் கண்ணுக்கு அதைவிட ஓய்வான இயந்திரம் வேறில்லை. ஆகவே வந்தவர் அத்தனை பேரும் அதற்கே அனுப்பப்பட்டார்கள். மற்ற இரண்டும் நல்ல உடல்நலத்தோடு ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. ரயில் நிலையத்தில் மூடப்பட்ட கவுண்ட்டருக்கு முன்னால் வரிசை இல்லை என்று பார்த்து எல்லோரையும் அங்கே அனுப்பிய கதை. மறுநாளே பிரிப்பானின் சோதனையை மாற்றினோம்: வாயில் திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு குறிப்பிட்ட குழுவில் சற்று முன் வந்த மடலை முழுமையாகப் படித்துக் காட்டச் சொன்னோம். படித்துக் காட்ட முடியாதது பந்தியில் உட்காரக் கூடாது. தங்கள் தளத்தின் பிரிப்பான் என்ன கேட்டு ஓர் இயந்திரத்தை நலமாக இருப்பதாக முடிவு செய்கிறது என்பதைத் தங்கள் தொழில்நுட்பப் பிரிவினரிடம் அருள்கூர்ந்து விசாரியுங்கள். "பக்கம் திறக்கிறது" என்பது பதிலானால், 13-ஆவது சுற்றைக் காட்டிக்கொண்டிருந்த இயந்திரமும் அந்தத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியிருக்கும்.

கூட்டம் என்பது உண்மையிலேயே அளவு மீறி வரும் நாள்களும் உண்டு; அதை நான் மறுக்கவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று சிஎன்என் உள்ளிட்ட செய்தித் தளங்கள் காலையிலேயே திணறிப்போயின. கூகுள் தன் முகப்பிலேயே, பல செய்தித் தளங்கள் கூட்டத்தால் கிடைக்கவில்லை, அண்மைச் செய்திக்குத் தொலைக்காட்சியையோ வானொலியையோ நாடுங்கள் என்று எழுதிவைத்தது. சிஎன்என் அன்று செய்தவற்றில் மிகவும் பயன்பட்டது, முகப்பிலிருந்த படங்களையும் அலங்காரங்களையும் கழற்றி எறிந்து, பக்கத்தைச் சில வரிகளாகச் சுருக்கியதுதான். மேலே நான் சொன்ன டேனியல் லெவின், அன்று கடத்தப்பட்டு வர்த்தக மையக் கோபுரத்தில் மோதிய முதல் விமானத்தில் இருந்தார்; உயிரிழந்தபோது அவருக்கு வயது 31. கூட்டத்தைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கணக்கை எழுதிய ஒருவரின் மரணச் செய்தியும் அந்தத் திணறிய தளங்களில்தான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அந்தச் சுருக்கும் பாடத்தைத் தாங்களும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தொகுதியின் சுற்று முடிவு என்பது ஆறேழு பெயர்களும் ஆறேழு எண்களும்தான். அதைச் சுற்றி அன்று ஓடிக்கொண்டிருந்த காணொளிகளும் தானாகத் திறந்த விளம்பரங்களும் இல்லாதிருந்தால், இருந்த இயந்திரங்களே தாக்குப்பிடித்திருக்கும் என்பது என் கணிப்பு. விளம்பர வருவாயைப் பற்றி வெளியாள் பேசுவது எளிது என்று தாங்கள் சொல்லலாம், நியாயம்தான். ஆண்டுக்கு ஒருநாள், அதுவும் பிற்பகல் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் போதும்.

எண்ணுக்கு வருகிறேன். ஒவ்வொரு தொகுதிப் பக்கத்துக்கும் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ஏறுமுகமாக ஓர் எண் போடப்பட வேண்டும். அதைப் போடுவது தங்கள் செய்திப் பிரிவின் ஒரே ஓர் இடமாக இருக்க வேண்டும். மற்ற இயந்திரங்கள் அதை வாங்கி அப்படியே சொல்ல வேண்டுமே தவிர, தம் கடிகாரத்தைப் பார்த்துத் தாமாக எதையும் சொல்லக் கூடாது. வாசகரின் கைப்பேசி தான் கடைசியாகப் பார்த்த எண்ணை, அடுத்த முறை கேட்கும்போது கூடவே சொல்லி அனுப்பட்டும். கேட்கப்பட்ட இயந்திரத்திடம் அதற்குக் குறைந்த எண்தான் இருக்கிறதென்றால், அது தலைமையிடம் கேட்டு வாங்கித் தரலாம். தலைமை அப்போது திணறிக்கொண்டிருந்தால், "புதிய நிலவரம் இன்னும் வந்து சேரவில்லை" என்று ஒரு வரி எழுதி, கைப்பேசியில் ஏற்கெனவே இருப்பதை அழிக்காமல் விட்டுவிடலாம். பழையதைப் புதியதுபோல் கொடுப்பதைத் தவிர வேறு எதைச் செய்தாலும் வாசகர் பொறுத்துக்கொள்வார். யூஸ்நெட் வாசகர்கள் தாமதத்துக்காக எங்களைத் திட்டியது மிகக் குறைவு; எண் மாறியதற்காகத் திட்டியதை நான் இன்னும் மறக்கவில்லை.

தலைமை இயந்திரம் ஒன்றே என்றால் அது விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழும். எங்களுக்கும் எழுந்தது. தலைமை விழுந்தால் புது மடல்கள் நிற்கும், ஆனால் உள்ளவற்றைப் படிப்பது நிற்காது; அந்த இழப்பை நாங்கள் தெரிந்தே ஏற்றோம். அதற்கு மாற்றாக ஓர் இயந்திரத்தைத் தயாராக வைத்திருந்தோம். ஆனால் அது தானாகத் தலைமை ஏற்க விடவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எண் போடத் தொடங்கிவிட்டால் அந்தக் குளறுபடியைத் தீர்ப்பது, அரை மணி நேரம் புது மடல் இல்லாமல் இருப்பதைவிடப் பெரிய தலைவலி. ஒரு மனிதர் எழுந்து வந்து, பழையது உண்மையிலேயே விழுந்துவிட்டதா என்று பார்த்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அதன் பிறகே புதியதற்குப் பொறுப்பைக் கொடுப்பார். இன்றைக்கு இதைத் தானியங்கியாகச் செய்யும் நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன; தாங்கள் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எனக்கு மட்டும், எண்ணிக்கை நாளன்று ஒரு பொறியாளர் அருகில் இருப்பதே நிம்மதி.

இவை எதற்கும் மூன்று மடங்கு இயந்திரங்கள் தேவையில்லை. வாங்கிவிட்டீர்கள் என்றால் அவற்றைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டியதில்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் ஒருநாள், பொய்யாக ஒரு தொகுதியை உருவாக்கி, பொய்யான சுற்றுகளை ஒவ்வொன்றாக ஏற்றி, ஐம்பது கைப்பேசிகளில் ஐம்பது பேரை உட்காரவைத்து ஓயாமல் புதுப்பிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கேனும் சுற்று எண் குறைந்தால் கையைத் தூக்கட்டும். தங்கள் அச்சகத்திலும் அலுவலகத்திலும் ஐம்பது பேருக்குப் பஞ்சமிருக்காது.

அன்று பிற்பகல் 13-ஆவது சுற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தது எந்த இயந்திரம், அதற்கு 14-ஆவது சுற்று எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்ற விவரம் தங்கள் சர்வர் பதிவேடுகளில் இருக்கும். அவை வழக்கமாகச் சில வாரங்களில் அழிக்கப்பட்டுவிடும் என்பதால், இப்போதே எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு குறிப்பைப் போலவே வெளிப்படையாக அதையும் தாங்கள் வெளியிட்டால், என் பேத்தி அன்று கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்கான பதில் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணினி நிர்வாகி,
திருச்சிராப்பள்ளி